சொல்லிக்கொண்டு போகக் கூடாத வீடு

என் கணவர் ஒரு வீட்டுக்குப் போனால் இருந்து கதைப்பது கொஞ்ச நேரம்தான். புறப்படுவதற்குத்தான் அரை நாள் வேண்டும். கலியாணம் முடித்த புதிதில் இது எனக்குத் தெரியாது. அவர் "அப்ப போட்டு வாறம்" என்று கதிரையை விட்டு எழும்பியதும் நானும் நம்பி எழும்பி, செருப்பைக் கொழுவிக்கொண்டு படலையடியில் போய் நின்றுவிடுவேன். அவரோ விறாந்தையில் ஒரு தரம் சொல்லி, முற்றத்தில் இன்னொரு தரம் சொல்லி, குசினிக்குள் நிற்கிற வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி உரக்க ஒரு தரம் சொல்லி, கடைசியில் படலையில் கையை ஊன்றிக்கொண்டு, அதுவரை யாருக்கும் ஞாபகம் வராத ஒரு புதுக்கதையைத் தொடங்குவார். வெயிலில் என் மண்டை காயும். வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடச் சொல்லாமல் வரமாட்டார். கேட்டால், "அதுவும் அந்த வீட்டு ஆள்தானே" என்பார்.

அவர் அரிப்பைச் சேர்ந்தவர். அரிப்பில் எல்லாரும் இப்படித்தானா என்று என் மாமியாரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "இல்லைப் பிள்ளை, இவன் பிறக்கேக்கையே வெளிக்கிட மனமில்லாமத்தான் கிடந்தவன்" என்றார் அந்த மனுசி. சீதனமாகக் கிடைத்த என் வீட்டுக்கு, ஓலைத்தொடுவாய்க்கு, அவர் வந்து சேர்ந்தபோது எங்கள் ஊருக்கு ஒரு புது மாப்பிள்ளையோடு ஓயாத வாய் ஒன்றும் சேர்ந்தே வந்தது. அவருக்கு ஐஸ் லொறி ஓட்டுகிற வேலை. மன்னார் நகரத்தில் ஐஸ் ஏற்றி, கீரியில் கொஞ்சம் இறக்கி, கரையோரமாக மீன்பிடி வாடி வாடியாகப் போய்வருவார். ஐஸ் உருகும், இவர் கதை உருகாது என்று மீன் முதலாளிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்தில் போவதும் வருவதும் சின்ன விஷயம் இல்லை. "போறன்" என்று யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் ஒரேயடியாகப் போவது என்று பொருள். "வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். கடலுக்குப் போகிறவரை "எங்க போறியள்?" என்று கேட்டால் அன்றைக்கு வலையில் பாசிதான் ஏறும் என்பார்கள். ஆகவே "தூரமோ?" என்று கேட்கவேண்டும். தோளில் வலையும் கையில் துடுப்புமாக நேரே கடலைப் பார்த்து நடக்கிற மனிதரிடம் "தூரமோ?" என்று கேட்பதும், அவர் ஏதோ கொழும்புக்குப் போகிறவர் மாதிரி "ஓம், கொஞ்சம் தூரம்தான்" என்பதும் எங்கள் ஊர்க் காலைநேரத்தின் வழக்கமான நாடகம். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடப்பதுதான் மரியாதை.

இத்தனை சொல்லிக்கொள்ளும் ஊரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. செத்த வீட்டில். சேமக்காலையில் அடக்கம் முடித்துத் திரும்பி வந்து, காலைக் கழுவி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தபடி எழும்பிப் போய்விடவேண்டும். சொல்லிக்கொண்டு போனால், திரும்பி வருகிறேன் என்று ஆகிவிடும். செத்த வீட்டுக்குச் சொல்லிவைத்துத் திரும்பி வருவதென்றால் என்ன பொருள்? இன்னொரு சாவு. குழந்தைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அரிப்பிலும் இதே வழக்கம்தான் என்பதை நான் பின்னால் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

என் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தா. பிள்ளைகள் இல்லை. சித்தப்பாவும் அவவுமாகத் தங்கள்பாட்டில் இருந்தார்கள். கடல் கொந்தளிக்கிற மாதமொன்றில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் கணவருடைய லொறியைத்தான் எடுத்தோம். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு ஒரு அக்கா. சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடிக்குப் பக்கத்து வீடு என்பதால் ஊருக்கே அவ குருசடி மாமி. சின்னம்மாவும் மாமியும் மச்சாள்மார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கழுதை. எங்கள் தீவில் கழுதைகள் யாரையும் கேட்காமல் எங்கும் திரியும். அதில் ஒன்று சின்னம்மாவின் வேலியைத் தின்ன வந்தது, அவ தும்புத்தடியால் விரட்டினா. அது ஓடிய ஓட்டத்தில் குருசடி மாமியின் முற்றத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேலால் போனது. போனதோடு நிற்காமல் அதில் புரண்டும்விட்டது. சின்னம்மா வேண்டுமென்றே கழுதைக்குத் திசை காட்டி அனுப்பினா என்பது மாமியின் கட்சி. கழுதை யார் பேச்சைக் கேட்கும் என்பது சின்னம்மாவின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. சித்தப்பா இருந்த வரைக்கும் அவரே இரண்டு வீட்டுக்கும் இடையில் மீனும் செய்தியும் கொண்டு திரிந்தார். அவர் கண்ணை மூடியதும் அந்தப் பாதையும் மூடிவிட்டது.

செத்த வீட்டன்று மாமி வந்தா. வழக்கப்படி சின்னம்மாவின் தோளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தா. ஆனால் தம்பியைப் பார்த்து அழுதாவே தவிர, மச்சாளோடு ஒரு சொல் பேசவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டே பேசாமல் இருக்க எங்கள் ஊர்ப் பெண்களால் முடியும்.

நான் இவரை வீட்டிலேயே எச்சரித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். "இஞ்சருங்கோ, திரும்பி வரேக்க வாயைத் திறக்கப்படாது. விளங்குதோ?" என்றேன். "எனக்குத் தெரியாததோ?" என்று கோபப்பட்டார். அடக்கம் முடிந்து வந்து, எல்லாரும் எழும்பத் தொடங்கியபோது நான் கண்ணால் சைகை காட்டினேன். நல்ல பிள்ளையாக எழும்பினார். குனிந்த தலையோடு விறாந்தையைக் கடந்தார். படியில் கால் வைத்ததும், பாழாய்ப்போன அந்தப் பழக்கம், திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம் சின்னம்மா."

பந்தலுக்குள் பாயில் இருந்த கிழவிகள் சிலுவை அடையாளம் போட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. காலையிலிருந்து யார் என்ன சொன்னாலும் நிமிராமல் இருந்த சின்னம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினா.

"எப்ப தம்பி வருவீங்கள்?" என்றா.

அதற்காவது இந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நாளைக்கு" என்றார்.

குருசடி மாமி நெஞ்சில் அறைந்துகொண்டு எழும்பினா. "ஐயோ, இந்த வீட்டில இன்னொரு பெட்டி எடுக்க நாள் குறிச்சிட்டு போறாரே!" நான் இவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிணற்றடியில் அவர் தலைக்கு ஊற்றிக் குளித்து முடிக்கும் வரை நான் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குத் தண்டனையா அவருக்கா என்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் சுவருக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சொன்னதுதானே சொல்லிப்போட்டன். இனிப் போகாட்டி அது பொய்யெல்லோ?" என்றார் சுவரிடம்.

மறுநாள் பின்னேரம் லொறியைச் சின்னம்மா வீட்டு வேலியோடு நிற்பாட்டி ஒலி எழுப்பினார். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோன ஏனங்களை எடுக்க அங்கே நின்றிருந்தேன். இவர் படலையைத் திறப்பதற்குள் குருசடி மாமி கொண்டை அவிழ ஓடி வந்து குறுக்கே நின்றா.

"கால் வைக்காதேங்கோ மருமோன்! நீங்கள் உள்ளுக்கு வந்தா நீங்கள் சொன்னது பலிச்சுப்போம். இந்தக் குடும்பத்தில அடுத்தது ஆர்? வயசில நான்தானே!"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாமி தன் தம்பி பெண்சாதிக்காகப் பயப்படவில்லை. தனக்காகப் பயந்துவிட்டா. பங்குச் சுவாமியார் இதைக் கேள்விப்பட்டு, இதெல்லாம் வீண் நம்பிக்கை, செபமாலை சொல்லுங்கோ என்று புத்திமதி சொல்லிப் பார்த்தார். "சுவாமிக்கென்ன, அவர் மாற்றம் வந்தா வேற ஊருக்குப் போயிடுவார். நானெல்லோ இஞ்ச கிடக்கவேணும்" என்றுவிட்டா மாமி.

மாமியே ஒரு வழியும் கண்டுபிடித்தா. இவர் வருகிற நேரத்தில் தான் அந்த வீட்டுக்குள் இருந்தால், இவர் வந்தது தன்னைப் பார்க்க வந்த கணக்கு. செத்த வீட்டுக்குத் திரும்பி வந்த கணக்கில் சேராது. இப்படி ஒரு சட்டம் எங்கள் ஊரில் அதற்கு முதல் இருந்ததில்லை. ஆனால் மாமி சொன்ன தோரணையில், ஆதாம் ஏவாள் காலத்திலிருந்தே இருந்தது மாதிரித்தான் கேட்டது.

இவரோ போகும்போதெல்லாம் "நாளைக்கு வாறன்" என்று சொல்லி, நாள்தோறும் வரத் தொடங்கிவிட்டார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஐஸ் லொறி எத்தனை மணிக்கு வரும் என்று ஆண்டவருக்கே தெரியாது. சில நாள் மத்தியானம் வரும், சில நாள் விளக்கு வைக்கும் நேரம் வரும். ஆகவே மாமி மதியம் சாப்பிட்ட கையோடு வந்து, சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்த மரக்கதிரையில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவா. வந்து இருக்கிற ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. சின்னம்மா பேசாமல் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைப்பா. மாமி பேசாமல் எடுத்துக் குடிப்பா. பிறகு முற்றத்துக் கோழியைப் பார்த்து, "சில வீடுகளில தேத்தண்ணி எண்டு சுடுதண்ணியைத்தான் குடுக்கிறது" என்பா. சின்னம்மாவும் அதே கோழியைப் பார்த்து, "சில ஆக்களுக்கு ஓசியில குடிச்சாலும் குறைதான்" என்பா. அந்தக் கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்குச் சிரிப்பை அடக்க வாயில் சேலைத் தலைப்பை வைக்கவேண்டி வரும்.

முதல் எட்டு நாளும் பின்னேரச் செபமாலைக்கு ஊரே வந்தது. எட்டாம் நாள் பூசை முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. வலை காத்திருக்கும், பிள்ளைகளுக்குப் பசிக்கும். அந்த வீட்டில் மிஞ்சியது கோழியும் சின்னம்மாவும் காவல்கார மாமியும்தான்.

அந்த நாட்களில்தான் மாமாவின் முடிவு தெரியவந்தது. மாமா என்றால் சின்னம்மாவின் தம்பி, நீர்கொழும்பில் குடியேறி நன்றாக இருப்பவர். முப்பத்தோராம் நாள் கழிந்ததும் சின்னம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், வீட்டைப் பூட்டிவிடப் போவதாகச் சொல்லியனுப்பினார். அவர் நல்ல மனிதர். தனியாக ஒரு பெண் எப்படி இருப்பது என்று அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஊரும் சரி என்றது. நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

ஏனம் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னம்மா என்னிடம் சொன்னா: "தம்பி வீடு நல்ல வீடுதான் பிள்ளை. தம்பி பெஞ்சாதியும் தங்கமான பிள்ளை. ஆனா அங்க நான் விருந்தாளியெல்லோ. எத்தினை நாளைக்கெண்டு விருந்தாளியா இருக்கிறது?"

"அப்ப போகமாட்டன் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"சொன்னா, இஞ்ச உனக்கு ஆர் இருக்கினம் எண்டு கேப்பான். அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை, அம்மா இல்லாததால் அரிப்பில் மாமியாரிடம் போய்ப் பிள்ளை பெற்று வருவதென்று ஏற்பாடாகியிருந்தது. வெறும் வாய்ப்பேச்சாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது அழுகை வந்தது. சித்தப்பாவுக்காக அழுததைவிட அதிகமாகவே அழுதேன்.

இதற்கிடையில் இவருடைய லொறியின் கியர்ப்பெட்டி உடைந்துபோயிற்று. அநுராதபுரத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தவேண்டும் என்று லொறியோடு புறப்பட்டார். கிட்டத்தட்ட ஒரு கிழமை வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஏனென்றால் புறப்படும்போது ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்குப் பின்னேரம் சின்னம்மா வீட்டுக்கு நான் போனபோது, மாமி வழக்கமான கதிரையில் இருந்தா.

"மாமி, இவர் இன்னும் ஆறேழு நாளைக்கு வரமாட்டாரே. உங்களுக்குத் தெரியாதோ?" என்றேன்.

"தெரியும்" என்றா. வேலிப்பக்கம் திரும்பினா. "லொறிக்காரரை நம்ப ஏலுமோ? திடீரெண்டு வந்து நிப்பினம்."

அந்தக் கிழமை முழுக்க வராத லொறிக்கு மாமி காவல் இருந்தா. நான் போகும்போதெல்லாம் இரண்டு பேருமாக ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் முருங்கையிலை ஆய்ந்தார்கள். ஒருநாள் சித்தப்பா பாதியில் விட்ட வலையை எடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பொத்தினார்கள். கோழியை இப்போது யாரும் பார்க்கவில்லை. கழுதை விஷயத்தை ஒருநாள் நேருக்கு நேராகவே சண்டை பிடித்துத் தீர்த்தார்கள். நல்ல சத்தமான சண்டை. பக்கத்து வளவில் இருந்தவர்கள் பயந்து எட்டிப் பார்த்தார்கள். சண்டை முடிந்ததும் சின்னம்மா தேத்தண்ணி ஊற்றப் போனா, மாமி "எனக்குச் சாயம் கூடப் போடு" என்று குசினிக்குக் கேட்கக் கத்தினா.

முப்பத்தோராம் நாள் வந்தது. காலையில் பூசை. மதியம் வந்தவர்களுக்குச் சாப்பாடு. மாமா வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இவரும் லொறியைத் திருத்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். அன்று காலையிலேயே நான் இவரிடம் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று விவரமாகச் சொல்லியிருந்ததால், பந்தியில் சோறு கேட்பதற்குக்கூட வாய் திறக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஊரவர்கள் வழக்கப்படி சொல்லாமல் எழும்பிப் போகத் தொடங்கினார்கள். மாமா பொழுது சாய்வதற்குள் தீவுப் பாலம் தாண்டிவிடவேண்டும் என்று அவசரப்பட்டார். சின்னம்மாவின் டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக் காரில் வைத்தார். யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொழுக்கி போட்டார். வெளிச்சம் போன வீட்டுக்குள் நிற்க எனக்கு மனமில்லாமல் முற்றத்துக்கு வந்தேன். சின்னம்மா வெள்ளைச் சேலையில் விறாந்தைத் தூணோடு நின்றா. ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தா.

எல்லாரும் எழும்பிவிட்டார்கள். குருசடி மாமி மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அக்கா, வீட்டுத் திறப்பைத் தாங்கோ" என்று மாமா கையை நீட்டினார்.

சின்னம்மா இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்தா.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றா மாமி. குரல் அவவுடைய வழக்கமான அதிகாரக் குரல்தான். "வீட்டைப் பூட்டிப்போட்டுப் போனா, நாளைக்கு நான் வந்து ஆரின்ர முகத்தைப் பாக்கிறது?"

மாமாவுக்கு விளங்கவில்லை. "என்ன மச்சாள் சொல்லுறீங்கள்?"

"நாளைக்கு நான் வருவன் எண்டு சொல்லுறன். நாளையிண்டைக்கும் வருவன். எனக்கும் வீட்டில ஆர் இருக்கினம்? மகள் இந்தியாவில, மகன் கடலில. பின்னேரம் வந்தா இவ இருக்கிறா. இவவையும் கொண்டுபோனா நான் எங்க போறது?"

செத்த வீட்டில் நின்றுகொண்டு வருவேன், வருவேன் என்று மாமி சொன்னா. அதுவும் இத்தனை பேர் முன்னால். யாரும் சிலுவை அடையாளம் போடவில்லை. மாமியும் தான் சொன்னதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, மூக்கைச் சீறிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தா. என் பக்கத்தில் நின்ற இவர் ஏதோ சொல்லப் போனார். நான் அவர் காலை மிதித்தேன். மிதித்தேனே தவிர, அந்த நேரம் இந்த மனிதரின் வாயைப் போல ஒரு வாய் உலகத்தில் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

சின்னம்மா திறப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தா. பிறகு அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து திரும்பவும் இடுப்பில் செருகினா. படியில் இறங்கி, காருக்குப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் போய் அவருடைய கன்னத்தைத் தடவினா.

"இருட்டுக்கு முதல் வெளிக்கிடு ராசா" என்றா. "பெட்டியை இறக்கி வைச்சிட்டு, நீ போட்டு வா. திருநாளுக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரவேணும், சொல்லிப்போட்டன்."